மாஸ்டரின் கையளவு

மாஸ்டர்: செருப்பைக் கழட்டுறது அப்புறம். மொதல்ல சொல்லு. பாஸா, இல்லையா?

மனைவி: உள்ள விடுங்க. நாக்கு வறண்டு கெடக்கு.

மாஸ்டர்: தண்ணி இந்தா. சொல்லு.

மனைவி: அட, சொம்போடதான் நிக்கிறீங்களா! எவ்வளவு நேரமா?

மாஸ்டர்: இப்பதான்... ஷிஃப்ட் முடிஞ்சதுலேர்ந்து.

மனைவி: ஷிஃப்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சிருக்குமே. இப்ப மணி அஞ்சரை.

மாஸ்டர்: பக்கத்து வீட்டம்மா வந்து, "என்ன மாஸ்டர், யாருக்காவது உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, என் வீட்டுக்காரிக்கு இன்னிக்கு வைவா"ன்னேன். அது என்ன ஆபரேஷனோன்னு பயந்துட்டாங்க போல. "தைரியமா இருங்க"ன்னுட்டுப் போனாங்க.

மனைவி: ஐயோ... சிரிக்க வைக்காதீங்க, புரையேறுது.

மாஸ்டர்: சிரிக்கிறியே. அப்ப பாஸ்தான்.

மனைவி: அவசரப்படாதீங்க. மூணு வருஷம் படிச்சிருக்கேன், மூணு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா? உக்காருங்க.

மாஸ்டர்: உக்காந்துட்டேன். வைவால கேள்வி கேக்க எத்தனை பேரு?

மனைவி: மூணு பேரு. எங்க புரொபசர். வெளியூர்லேர்ந்து வந்த ஒரு மேடம், கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு. அப்புறம் துறைத்தலைவர். அவரு என் தீசிஸ்ல அட்டையை மட்டும் படிச்சுட்டு வந்தவரு.

மாஸ்டர்: எல்லா ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாரு.

மனைவி: அந்த மேடத்துக்கு முன்னாடியே நான் உள்ள போயிட்டேனா... துறைத்தலைவர் எழுந்து நின்னு கும்பிட்டாரு.

மாஸ்டர்: உன்னையா? எதுக்கு?

மனைவி: பின்ன? கூடப் படிக்கிறதெல்லாம் இருபத்திமூணு வயசுப் பசங்க. எனக்கு முப்பத்தொன்பது. வெளியூர் மேடம் நான்தான்னு நெனச்சுட்டாரு.

மாஸ்டர்: நீ என்ன பண்ணே?

மனைவி: நானும் கும்பிட்டேன். வர்ற மரியாதையை ஏன் விடணும்?

மாஸ்டர்: அதானே! யாரு வீட்டுக்காரி... சரி, என்ன கேட்டாங்க?

மனைவி: என்ன வேலை பாக்குறீங்கன்னு மேடம் கேட்டாங்க. சாய மில்லுல, கழிவுநீர் சுத்திகரிப்புல, பன்னெண்டு வருஷமா ஆபரேட்டர்னேன். ஞாயித்துக்கிழமை வகுப்பு, மத்த ஆறு நாளும் தொட்டிமேலன்னேன். "அங்க வர்ற தண்ணி எப்படி?"ன்னாங்க. சாயப் பிரிவுல கொட்டுற உப்பும் ஒட்டாத சாயமும் கலந்து வருது, அதைத் தெளிய வச்சு வெளிய விடணும்னேன். "சாயப் பிரிவுக்கு யாரு பொறுப்பு?"ன்னாங்க...

மாஸ்டர்: ஐயையோ.

மனைவி: "எங்க வீட்டுக்காரர்"னேன்.

மாஸ்டர்: ஏதாவது வேற பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?

மனைவி: மேடம் கண்ணாடியை நெத்தியிலேர்ந்து இறக்கிட்டாங்க. "அப்போ அவர் கலக்குறாரு, நீங்க தெளிய வைக்கிறீங்க"ன்னாங்க. "ஆமாம் மேடம், வீட்லயும் அதே வேலைதான்"னேன்.

மாஸ்டர்: வெளியூர் வரைக்கும் என் மானத்தைக் கப்பலேத்தியாச்சு.

மனைவி: அதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாத்தான் போச்சு. அப்புறம்தான் அந்தக் கோட்டுப் படத்தைத் திரையில போட்டேன்.

மாஸ்டர்: எந்தப் படம்?

மனைவி: ஏழு மாசமா தெனம் காலையில, உங்க பக்கத்துலேர்ந்து தொட்டிக்கு வர்ற தண்ணியை எடுத்து அளந்தேனே, அது. அஞ்சரை மாசம் கோடு உச்சியிலயே போகுது. திடீர்னு ஒரு வாரத்துல சரசரன்னு எறங்குது. கடைசி ஆறு வாரமும் கீழயே கெடக்குது. உப்பு மூணுல ஒரு பங்கு கம்மி. சாயம் ஏறக்குறையப் பாதி.

மாஸ்டர்: ...ம்.

மனைவி: என்ன "ம்"?

மாஸ்டர்: கம்மியானா நல்லதுதானே?

மனைவி: ஆத்துக்கு நல்லது. எனக்கு? துறைத்தலைவர் நிமிந்து உக்காந்தாரு. "ஏம்மா, மெஷின் மாறலை, துணி மாறலை, ஆளும் மாறலை. தண்ணி மட்டும் எப்படி மாறுச்சு? கடைசி ஆறு வாரத்தை வீட்ல உக்காந்தே எழுதி நெரப்பிட்டீங்களா?"ன்னாரு.

மாஸ்டர்: அப்படியா கேட்டான் அந்தாளு! மழையில குடையைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு, பாட்டிலும் கையுமா நீ...

மனைவி: அது அவருக்கு எப்படித் தெரியும்?

மாஸ்டர்: பொய்க் கணக்குன்னு முடிவு பண்ணா... என்ன ஆகும்?

மனைவி: தீசிஸைத் திருப்பிக் குடுத்துருவாங்க. படிச்சதெல்லாம் அதோட போச்சு.

மாஸ்டர்: நீ என்ன சொன்னே?

மனைவி: ஒண்ணும் சொல்லலை. நின்னேன்.

மாஸ்டர்: ஏன்? என்கிட்ட மட்டும் வாய் கிழியுது!

மனைவி: காரணம் தெரிஞ்சாத்தானே சொல்ல... எங்க எழுந்து போறீங்க?

மாஸ்டர்: சட்டை மாட்ட. காலேஜ் ஆறு மணி வரைக்கும் இருக்கும்ல?

மனைவி: எதுக்கு?

மாஸ்டர்: நான் வந்து சொல்றேன் அந்தாளுகிட்ட. என் பொண்டாட்டி பொய் எழுதலை. அது... வந்து... நான்தான்.

மனைவி: எது நீங்கதான்?

மாஸ்டர்: தண்ணி மாறுனது. உப்பைக் குறைச்சேன். லிட்டருக்கு எண்பது கிராம் போடுற எடத்துல அம்பதுதான் போட்டேன். சாயப் பொடியில பத்துல ஒரு பங்கு புடிச்சு வச்சேன். சாயம் துணியில புடிக்கப் போடுற சோடாவை மொத்தமாக் கொட்டாம ரெண்டு தரமா விட்டேன். நேரம் மட்டும் இருபது நிமிஷம் கூட. உன் மூணாவது அத்தியாயத்துல போட்டிருந்தியே, அதே மாதிரி.

மனைவி: அது இங்கிலீஷ்ல இருக்கே?

மாஸ்டர்: அம்பதுக்கு ஏது இங்கிலீஷ்? நீ குளிக்கப் போற நேரம் பாத்து நம்பரையெல்லாம் எழுதிக்கிட்டேன். மத்ததைப் போன்ல போட்டுத் தமிழாக்கிப் பாத்தேன். "மாசுக்கு முதல் காரணம், சாயமிடுபவரின் கெட்ட பழக்கம்"னு வந்துச்சு. எனக்கு என்னடி கெட்ட பழக்கம்? பீடியைக்கூட விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு!

மனைவி: கெட்ட பழக்கம்னா... அளக்காம, கையால அள்ளிப் போடுறது. உங்களை மட்டும் சொல்லலைங்க. எல்லா மில்லுலயும் மாஸ்டருங்க அப்படித்தான்.

மாஸ்டர்: மேல படிச்சப்புறம்தான் அது புரிஞ்சுது. நெறம் குறைஞ்சுருமோன்னு ரெண்டு கை கூடவே போடுவோம். கூடப் போட்டது துணியில ஏறாம நேரா உன் தொட்டிக்கு வருது.

மனைவி: பல்வலின்னு எட்டு நாள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கெடந்தீங்களே, அப்பவா?

மாஸ்டர்: ...அப்பதான். பல்லுல ஒரு கோளாறும் இல்ல. விடு, நேரமாச்சு. வண்டிச் சாவி எங்க?

மனைவி: பொத்தானைப் பாருங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. உக்காருங்க. இந்தப் பையில தீசிஸ் இருக்கு, எடுங்க. ஆறாவது அத்தியாயம். பிரிச்சுப் பாருங்க.

மாஸ்டர்: என்ன இது... இது நான் உப்பு, சாய அளவு எழுதுற பேட்ச் கார்டு! என் கையெழுத்து!

மனைவி: அடுத்த பக்கம்.

மாஸ்டர்: இதுவும்... இது முழுக்க என் கார்டா? ஆறு வாரமும்?

மனைவி: ஒண்ணு விடாம. மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கி நகல் எடுத்தேன். மூணு நாள் தண்ணி நெறம் வேற மாதிரி வந்துச்சு. மீட்டர் கெட்டுப் போச்சோன்னு மாத்திப் பாத்தேன். அப்புறம் நீங்க சாப்பிடப் போன நேரம், உங்க மேஜையில கார்டுக் கட்டைப் பிரிச்சேன். மறைச்சு மாத்துன மனுஷன், கார்டுல மட்டும் உண்மையை எழுதி வச்சிருக்கீங்க.

மாஸ்டர்: கார்டுல பொய் எழுதினா அடுத்த ஷிஃப்டுக்காரன் துணியைக் கெடுத்துருவான். அது வேற, இது வேற... இரு. மூணாவது நாளே உனக்குத் தெரியுமா?

மனைவி: தெரியும்.

மாஸ்டர்: ஆறு வாரமா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கே!

மனைவி: நீங்களும்தான். கேட்டிருந்தா ரோஷத்துல மறுநாளே பழைய கைக்குப் போயிருப்பீங்க. புரொபசரும் சொன்னாரு, "கேக்காதீங்கம்மா. யாரும் சொல்லாம, நெசமான மில்லுல, நெசமான மாஸ்டர் மாத்துறாரு. அது தானா நடக்கட்டும், நீங்க அளந்துக்கிட்டே இருங்க"ன்னு.

மாஸ்டர்: அப்ப இன்னிக்கு ஏன் பேசாம நின்னே?

மனைவி: ரெண்டே விநாடிதான் நின்னேன். உங்க வாயிலேர்ந்து வரட்டும்னு இங்க வந்து அதை இழுத்தேன். அங்க, நான் ஆறாவது அத்தியாயத்தைத் திருப்பறதுக்குள்ள மேடமே முந்திக்கிட்டாங்க. "சார், பதில் அந்தப் பக்கத்துல இருக்கு. இந்தத் தீசிஸ்ல நான் ரெண்டு தரம் படிச்சது அது ஒண்ணைத்தான்"னாங்க. துறைத்தலைவர் அதுக்கப்புறம் பேனாவை மூடிட்டாரு.

மாஸ்டர்: அப்ப பாஸ்?

மனைவி: முதல் வகுப்பு.

மாஸ்டர்: இரு, மூஞ்சியைக் கழுவிட்டு வர்றேன்.

மனைவி: என்னங்க... கண்ணைத் தொடைங்க. நான் பாஸானதுக்கு நீங்க ஏன் அழறீங்க?

மாஸ்டர்: சாயப் பொடி. கண்ணுல கெடந்துச்சு.

மனைவி: குளிச்சு மூணு மணி நேரம் ஆனப்புறமா?

மாஸ்டர்: சும்மா இரு... முதல் வகுப்பா! இன்னொரு தரம் சொல்லு.

மனைவி: முதல் வகுப்பு. இன்னொண்ணும் இருக்கு. அடுத்த மாசம் மேடம் அவங்க காலேஜுக்கு உங்களை வரச் சொல்லியிருக்காங்க. அங்க படிக்கிறவங்களுக்கு சாயத்தொட்டியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசணுமாம்.

மாஸ்டர்: நானா? ஒம்பதாங் கிளாஸ்ல நின்னவன்.

மனைவி: அதையும் சொன்னேன். "அப்ப கட்டாயம் வரணும்"னாங்க. இன்னொரு கேள்வியும் கேட்டாங்க. இருபத்திரெண்டு வருஷப் பழக்கத்தை ஒரு மனுஷன் தானா ஏன் மாத்துனாருன்னு.

மாஸ்டர்: அதுக்கு... என்ன சொன்னே?

மனைவி: தொட்டிமேல நான் படுற பாட்டைப் பாத்து மனசு எறங்கி, எனக்காகப் பண்ணாருன்னேன். பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த எங்க வகுப்புப் பசங்கெல்லாம் கை தட்டுனாங்க... ஏன் தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? தப்பா சொல்லிட்டேனா?

மாஸ்டர்: தப்புதான். உனக்காக இல்ல... உன் கணக்கைப் பொய்யாக்கத்தான் ஆரம்பிச்சேன். உப்பைக் குறைச்சா துணி வெளுத்துப் போகும், அதை விரிச்சுக் காட்டி, "பாருங்கடா, படிச்ச மேடம் லட்சணத்தை"ன்னு கேக்கணும்னு மொத்த ஷிஃப்டையும் கூட்டி நிக்க வச்சிருந்தேன். துணி வெளிய வந்துச்சு... ஒரு பொட்டு நெறம் கொறையலை. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. உன்கிட்ட எவனும் சொல்லக் கூடாதுன்னு அப்புறம் நான்தான் அவனுங்க வாயைக் கட்டுனேன். ஆனா அந்த எடத்துல, ஈரத் துணியைக் கையில புடிச்சுக்கிட்டு, மில்லே கேக்குற மாதிரி கத்துனேன்: "பாத்தீங்களாடா... இது என் பொண்டாட்டி போட்ட கணக்கு!"