மிச்ச லேகியம்

செவிலிமேடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரருக்கு வல்லாரை லேகியத்த நிறுத்திட்டேங்க்கா."

மடியில் இருந்த புத்தகத்தை மூடினேன். நானே எழுதியதுதான், நஷ்டமில்லை.

"ஏம்மா? ஞாபகத்துக்கு நல்லதாச்சே?"

"அதான் வம்பு. எங்க அண்ணங்கூட ஒரே தறியில நெய்யும்போது, சேலைக் கரை கோணிப்போச்சுன்னு போட்ட சண்டைய மறந்தே பூட்டிருந்தாரு. இப்ப ஞாபகம் வந்துடுச்சு. அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுட்டாரு."

"அய்யய்யோ! மிச்ச லேகியம்?"

"வீணாக்குவானேன்னு நான் துன்னுட்டேன்."

"பலன் தெரியுதா?"

"தெரியுதே! அன்னிக்கி கரை கோணினது அண்ணனாலதான்னு ஞாபகம் வந்துச்சு. அப்ப நான் அண்ணன் பக்கமே பேசிக்கினு இருந்தேன். நேத்து எங்க வூட்டுக்காரருகிட்ட ஒத்துக்கினேன். மனுசன் வாயெல்லாம் பல்லு. கல்யாணத்துக்கு மொத பஸ்ஸுலயே கெளம்பணுங்கறாரு."