வாண்டாவுக்கு வந்த கடிதங்கள்

எனக்கு ஒழுங்கு பிடிக்கும், ஐயா. என் அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்த பதினாலு கடிதங்களைப் பாருங்கள், ஒன்றுகூடக் கசங்கியிருக்காது.

அம்மா சர்க்கரை ஆலையில் சாக்கு தைத்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்துவிட்டு வந்தவளுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே வேலை, கவிஞர் ஸெனோன் பிறந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது. பியானோ வைத்திருந்த குடும்பம். என் அம்மாவைப் பின்வாசல் தாண்டி உள்ளே விட்டதில்லை. ஸெனோன் கனடாவுக்குப் போய் இருபத்தைந்து வருடம். பரிசு வாங்கியதும் நகராட்சி கீழ்த்தளத்தை அருங்காட்சியகமாக்கியது. மாடியில் அவர் தங்கை வாண்டா. காது மந்தம், படி இறங்க முடியாது. தபால் பெட்டிச் சாவி என்னிடம்.

பெற்றவளின் சாவுக்கு ஸெனோன் வரவில்லை. அதிலிருந்து அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோனது. முதல் கடிதத்தில் அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டிருந்தார். நீ ஒரு வரி எழுதினால் போதும், வந்து நம் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். பிரித்துப் படித்தேன்தான். உள்ளே இருப்பது தெரியாமல் அருங்காட்சியகப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது?

யோசித்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து கண்கலங்குவது கவிஞரின் காலி நாற்காலிக்காக. அதில் ஒரு கிழவர் உட்கார்ந்து பீட்ரூட் சூப் குடித்தால் யார் கலங்குவார்கள்? அது மறுபடி அவர்கள் வீடாகிவிடும்.

வாண்டா தானாக எழுத மாட்டார். அவ்வளவு ரோஷம். ஆனால் தினமும் கேட்பார்.

"ஏண்டி ஹாலினா, தபால்காரன் செத்துட்டானா, இல்ல எங்கண்ணன் செத்துட்டானா?"

காதருகே குனிந்து சொல்வேன். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க வாண்டாம்மா. எழுதத்தான் மனசு வரல போல."

சிரித்துவிட்டு, ஆப்பிள் நறுக்கித் தரச் சொல்வார். இப்படியே இரண்டு வருடம். மார்ச்சில் போய்விட்டார். கனடாவுக்குத் தகவல் சொன்னது நான்தான். இந்தச் சாவுக்கு அவர் வந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். "அவ என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

"உங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

தலையை ஆட்டினார். தங்கையைக் கவனித்துக்கொண்டதற்கு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மறுநாள் காலை, பாலத்தடியில் ஆற்றிலிருந்து அவரை எடுத்தீர்கள். நான் தள்ளவில்லை.

அந்தக் கடிதங்களை அப்போதாவது காட்டியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்கிறீர்கள். எனக்கும் தெரியும். உயிரோடு, அங்கேயே இருந்திருப்பார்.

அவருடைய கோட்டு உங்களிடம் இருக்கிறது. துவைத்துவிடாதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டேன்.