மருமகன் விதி

மழையில் நனைந்த கோல் வலையை உடனே சுருட்டிப் பைக்குள் போட்டுவிடக் கூடாது. இரண்டு நாளாவது விரித்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் முடிச்சுகளில் பூஞ்சணம் பிடித்து, அடுத்த வருடம் பந்து பட்டதும் அறுந்துவிடும். இறுதியாட்டத்து வலை இன்னும் என் காரின் பின்பக்கத்தில் ஈரமாகக் கிடக்கிறது. அது நீங்கள் தலைவராக இருக்கிற கால்பந்து ஒன்றியத்தின் பொருள், யோகராஜா அண்ணை. காயவைத்துத்தான் உங்களிடம் ஒப்படைப்பேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. புன்னைத்துறை மத்திய கல்லூரிப் பழைய மாணவர் அணி இந்த வருடக் கிண்ணத்தை வென்றது குறித்து முறைப்பாடு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீரர் நிக்சனுக்கு விளையாடுவதற்காகப் பணம் கொடுக்கப்பட்டதா? இறுதியாட்ட நாளன்று அவர் எனக்கு மருமகனாக இருந்தாரா? பதிலில் திருப்தி இல்லையென்றால் கிண்ணம் திரும்பப் பெறப்படும். அணியின் செயலாளன் நான், பதில் சொல்ல வேண்டியவனும் நானே. வீட்டில் ஒரு கிழமையாக ஆட்கள் வந்து போகிறார்கள், இருந்து எழுத ஒரு மூலை இல்லை. அதனால் காருக்குள் இருந்து எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கல்லூரியின் அணி எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது. பெரிய கல்லூரிகளுக்கு லண்டனில் ஆயிரக்கணக்கில் பழைய மாணவர்கள். எங்களுக்கு எண்பத்து மூன்று பேர். அதில் ஓடக்கூடியவர்கள் இருபது பேர், ஓட விருப்பமுள்ளவர்கள் பன்னிரண்டு பேர். இருபத்திரண்டு வருடமாகக் கிண்ணம் இல்லை. போன வருடம் பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். இந்த வருடமும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவது என்று அன்றைக்கே தீர்மானம் எழுதப்பட்டது. அதை எழுதியவனும் நான்தான்.

பணம் எப்படி உள்ளே வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்பு, தூரத்திலிருந்து வரும் வீரருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்கலாம் என்று ஒன்றியம் அனுமதித்தது. பெற்றோல் காசு. எங்களோடு போட்டி போடுகிற பெரிய கல்லூரி அணியை நடத்தும் கல்யாணசுந்தரம், தன் அணியில் ஹறோவிலிருந்து பக்கத்துச் சவுத்தாலுக்கு வருகிற ஒருவருக்குக் கொடுத்த பெற்றோல் காசில் ஸ்கொட்லாந்து வரை போய் வரலாம். அடுத்த வருடம் எங்கள் கோல்காப்பாளர் என்னிடம் வந்து, "அண்ணை, கோவிக்காதேங்கோ. அவங்கள் பெற்றோல் அடிக்கிறாங்கள், நான் போறன்" என்றான். அவனிடம் கார்கூட இல்லை.

அவன் போகக்கூடியதாக இருந்ததற்குக் காரணம் ஏழாம் விதி. அந்த விதி எனக்கு எப்போதும் பிடிக்கும், நன்றாகச் செய்த ஒரு பூட்டுப் போன்றது. ஒருவர் ஓர் அணிக்கு விளையாட வேண்டுமானால் அந்தக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும், அல்லது அங்கே படித்தவரின் பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது மருமகனாக இருக்க வேண்டும். கோல்காப்பாளரின் தாய் கல்யாணசுந்தரத்தின் கல்லூரியில் படித்தவர். ஆகவே அவனுக்கு அந்தக் கதவு திறந்தது. மூன்றாவது பிரிவைப் பிறகுதான் சேர்த்தார்கள், இங்கே பிறந்த பிள்ளைகள் மைதானத்துக்கு வராமல் விட்டபோது. நானும் கை உயர்த்தி வாக்களித்தேன்.

நிக்சன் மன்னார்ப் பக்கம். அவன் படித்த பாடசாலைக்கு லண்டனில் அணியே கிடையாது. பார்சல் வான் ஓட்டிக்கொண்டு, சனிக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்கார உள்ளூர்க் கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தான். நான் மூன்று சனிக்கிழமை மழைக்குள் நின்று பார்த்தேன். மற்ற முன்கள வீரர்கள் பந்தைப் பார்த்து உதைப்பார்கள். இவன் கோல்காப்பாளரின் கால்களைப் பார்ப்பான். ஒருவருடைய உடற்பாரம் எந்தக் காலில் விழுகிறதோ அந்தப் பக்கம் அவரால் பாய ஏலாது, பாரத்தை மாற்ற அரை விநாடி வேண்டும். நிக்சன் அந்த அரை விநாடிக்குக் காத்திருப்பான். கல்யாணசுந்தரமும் அவனைப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் எவ்வளவு பெற்றோல் இருந்தாலும் நிக்சனுக்கு அவருடைய கல்லூரிக்குள் போகக் கதவில்லை. அவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் அவரைவிடப் பணக்காரர்கள்.

பார்க்கிங் காரர் வருகிறார். வேறு இடம் பார்க்க வேண்டும்.

இப்போது லூயிஷாம் சந்தைக்குப் பின்பக்கம் நிற்கிறேன். கொஞ்ச நாளாக ஓர் இடத்தில் கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. காரில் இருந்தால் இறங்கி நடக்க வேண்டும் போலிருக்கிறது, நடந்தால் காருக்கு வர வேண்டும் போலிருக்கிறது.

யோசனை என்னுடையது அல்ல. செயற்குழு எங்கள் வீட்டு முன்னறையில் கூடியபோது சுசிலா ரீச்சர்தான் சிரித்துக்கொண்டு சொன்னார், "பஸ்தியாம்பிள்ளை, உங்களிட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெல்லோ. பிறகென்ன யோசிக்கிறியள்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போனபிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன். கழுவிய கோப்பைகளை இன்னொரு தரம் கழுவினேன்.

ஆகவே முதலாவது கேள்விக்குப் பதில்: ஓம், கொடுக்கப்பட்டது. விதியின்படி வீரருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆனால் மருமகனுக்குச் சீதனம் கொடுப்பதை எந்த ஒன்றியமும் தடுக்கவில்லை. வீட்டின் மேல் கடன் எடுத்து ஒரு பிளாட்டுக்கு முற்பணம் கட்டினேன், கார் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எங்கள் உறுப்பினர்கள் கலியாணத்துக்கு வழக்கத்தைவிடத் தடித்த கவர்கள் தந்தார்கள். ஏன் தந்தார்கள் என்று சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. அவர்களை விட்டுவிடுங்கள். தண்டனை எனக்கு மட்டும் வரட்டும்.

என் மகள் மெலனிக்கு இருபத்துநாலு வயது. கண்ணாடிக் கடையில் வேலை. அணியின் கணினி வேலைகள் எல்லாம் பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் செய்வாள். நான் கேட்டபோது, "அப்பா, அவரோட கதைக்கிறதுக்கு எனக்கு ஒண்டுமே இல்லை" என்றாள். கதைக்கக் கதைக்க வரும் என்றேன். இரண்டு கிழமை போனது. பிறகு, "உங்களுக்கு இது அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். தை மாதம் கலியாணம். சித்திரையில் நிக்சனின் பதிவுப் படிவத்தை அவளே நிரப்பினாள். தகுதி என்ற இடத்தில் 'மருமகன்' என்று தட்டச்சு செய்துவிட்டு, "வேற ஏதும் இருக்கா, செகரட்டரி?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் விசாரிக்காமல் செய்யவில்லை. அது உங்களுக்குத் தெரிய வேண்டும். நிக்சன் முன்பு பாரிசில் இருந்தவன். அங்கே இருக்கிற நம் நண்பர் ஜம்புநாதனுக்குக் கலியாணத்துக்கு முன்பே போன் எடுத்தேன். "விளையாட்டில குறை சொல்ல ஏலாது. ஆனா இஞ்ச ஒரு பிள்ளையோட இருந்தவன். அந்தப் பிள்ளைக்குத் தாடை உடைஞ்சது, பொலிஸ் வரைக்கும் போனது" என்றார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். இரண்டும் நல்லம் என்றார். இதை என் மனைவி பெர்னடெற்றுக்கு நான் சொல்லவில்லை. தாய்மார் ஒரு விஷயத்தைக் கேட்டால் அதை மட்டும்தான் யோசிப்பார்கள்.

வைகாசியில் மெலனி மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். நான் வோஷிங் மெஷின் திருத்துகிறவன், இருபத்தாறு வருட வேலை. ஒரு மெஷின் அதிர்ந்து குதித்தால் அது பழுதென்று சனம் பயப்படும். பெரும்பாலும் உள்ளே உடுப்பு ஒரு பக்கம் திரண்டிருக்கும், அவ்வளவுதான். நிறுத்தி, பிரித்துப் போட்டு, திரும்ப ஓடவிட்டால் சரியாகிவிடும். அவளுக்கும் அப்படித்தான் விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவர்கள் பிளாட்டில் விட்டேன்.

ஆனியில் அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டுப் பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார். மெலனி எனக்கும் போன் அடித்ததால் பொலிஸ் வந்தபோது நானும் அங்கே நின்றேன். இங்கே ஒருவரைப் பிடித்தால், நிபந்தனையோடு பிணையில் விட்டாலும், விசாரணை முடியும்வரை அவர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று எழுதிவிடுவார்கள். காலிறுதி மூன்று நாளில். திரைச்சீலை மாற்ற ஏணியில் ஏறி விழுந்துவிட்டாள் என்று வந்த பெண் அதிகாரியிடம் சொன்னேன். அதிகாரி மெலனியைப் பார்த்தார். மெலனி என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்பா சொன்னதுதான்" என்றாள். காலிறுதியில் நிக்சன் மூன்று கோல் போட்டான்.

திரும்பவும் இடம் மாற்றினேன். இப்போது மைதானத்தின் வாசலில் நிற்கிறேன். கேற் பூட்டியிருக்கிறது.

இறுதியாட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் மெலனி ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். பெர்னடெற் வேலைக்குப் போயிருந்தா. "அப்பா, இனி அங்க போக எனக்கு ஏலாது. ப்ளீஸ்" என்றாள். திங்கட்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். இரண்டு நாள்தான். அவள் பிரிந்து வந்துவிட்டால் நிக்சன் மைதானத்துக்கு வரமாட்டான், வந்தாலும் கல்யாணசுந்தரத்தின் ஆட்கள் தகுதியைப் பற்றிக் கேள்வி எழுப்புவார்கள். இதை அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். விதிகளை அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் நேரம் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு அந்தப் பிளாட்டின் கீழே இறக்கிவிட்டேன். பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அணி கூடியது. நிக்சன் தனியாக வந்தான். வலது கை வீங்கி, விரல் மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது. முன்கள வீரருக்குக் கையில் காயம் வருவதற்குக் காரணம் இல்லை. மெலனி எங்கே என்று கேட்டேன். "படுத்திருக்கிறா மாமா. எழுப்பேல்லை" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மருந்துப் பெட்டியை எடுத்துவந்து அவன் கையைக் கட்டினேன். முதலில் பஞ்சு, பிறகு ஒட்டும் பட்டை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக அசையும்படி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது தோள் இறுகும். கட்டி முடியும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பதுதான் தெரியாது.

பன்னிரண்டு மணிக்குப் பெர்னடெற் போன் எடுத்தா. "பிள்ளை போன் எடுக்கிறாள் இல்லை. என்னட்டப் பிளாட் கதவுத் திறப்பு இருக்கு, ஒருக்கா போய்ப் பார்க்கட்டோ?" என்று கேட்டா. தேவையில்லை, மெலனி இங்கே மைதானத்தில் என் பக்கத்தில் நிற்கிறாள் என்றேன். "அப்ப குடுங்கோ கதைக்க" என்றா. சாப்பாடு வாங்கப் போய்விட்டாள் என்றேன். பெர்னடெற் போயிருந்தால் அம்புலன்ஸ் வந்திருக்கும், அம்புலன்சோடு பொலிஸ் வந்திருக்கும், பொலிஸ் நேராக மைதானத்துக்கு வந்திருக்கும்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நிக்சன் இரண்டு கோல் போட்டான், இரண்டும் கோல்காப்பாளரின் பாரம் விழுந்த காலின் பக்கம். இரண்டுக்கு ஒன்று. கிண்ணத்தை நீங்கள்தான் என் கையில் தந்தீர்கள், அண்ணை. படம் எடுத்து முடிய ஆறரை. ஏழு மணிக்குத்தான் பிளாட்டுக்குப் போனேன். குசினியில், அடுப்படி நிலத்தில் கிடந்தாள். மூச்சு இருந்தது.

வைத்தியர் நல்ல மனிதர். ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்தால் போக வழி இல்லை, அதனால் மூளையை நெரிக்கும். சனிக்கிழமை தொடங்கியது. ஞாயிறு மத்தியானத்துக்குள் கொண்டுவந்திருந்தால் துளை போட்டு வடித்திருக்கலாம் என்றார். எனக்கு உடனே விளங்கியது. பெர்னடெற் அந்தத் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

நிக்சன் இப்போது உள்ளே இருக்கிறான். எனக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது என்று பொலிசாரிடம் சொன்னேன். அவர்கள் கேட்டது குடும்பத்தைப் பற்றி. நீங்கள் கேட்டது விளையாட்டைப் பற்றி. விளையாட்டில் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

ஆகவே இரண்டாவது கேள்வி. மெலனி வெள்ளிக்கிழமையே கணவனைப் பிரிந்துவிட்டாள், அதனால் இறுதியாட்டத்தில் நிக்சன் மருமகன் அல்ல என்று முறைப்பாட்டில் இருக்கிறது. அது சரியல்ல. அவளை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டவன் நான், அதற்கு நானே சாட்சி. ஞாயிறு நாலு மணிக்கு அவள் அவனுடைய வீட்டில்தான் இருந்தாள், உயிரோடு இருந்தாள். உயிர் போனது திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு, ஆட்டம் முடிந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. நேரம் குறித்த வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியை இணைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால், எங்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை என்பது உங்களுக்கு விளங்கும்.