பிரான்சிக்கு நான் கற்பித்தது

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது. பாயில், அவர்களோடு உட்கார வேண்டும். பயம்தான் காரணம். ஐம்பது வயதில் சிலேட்டைத் தொடுகிற பெண்ணுக்குள் எவ்வளவு பயம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தப்பாகப் படித்தால் பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாளோ, மருமகள் கேள்விப்பட்டால் என்ன சொல்வாளோ என்று உள்ளுக்குள் நடுங்குவார்கள். அந்தப் பயம் புரியாதவரால் முதியோர் வகுப்பு நடத்த முடியாது. என் ஆசிரியர்கள் எல்லோருக்கும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

என் வேலை அதுதான். வகுப்பெடுக்கும் இளம் ஆசிரியர்களுக்குக் கூட இருந்து வழிகாட்டுவது. நாளைக்குப் பொறுப்புக்கு வரக்கூடியவர்களை வளர்த்துவிடுவது. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருப்பவள் நான். சாயங்காலமானால் யாராவது ஒருத்தி சந்தேகம் கேட்டு வந்துவிடுவாள்.

பிரான்சி வரமாட்டாள். அவளுக்குச் சந்தேகமே வராது. வையம்பட்டிப் பெண். மன்னார்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி, அங்கேயே ஒரு மாடி ஹாலில் வகுப்பு நடத்தினாள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டுக் களைத்து வரும் பெண்கள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். நான் ஏதாவது ஆலோசனை சொன்னால், "சரிங்க மேடம், யோசிக்கிறேன்" என்பாள். யோசிக்க மாட்டாள். அவளை மாவட்ட ஒருங்கிணைப்பாளராகப் போடலாமா என்று அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். நல்லபடியாகத்தான் சொன்னேன். ஒரே ஒரு குறை இருந்தது. பயம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித்தருவது என் கடமை என்று பட்டது.

ஹாலின் இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. ஒரு மத்தியானம் போய்க் கரும்பலகையில் இடது கையால் எழுதினேன். அதன்மேல் காய்கறிப் படத்தை மாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெண்கள் அதுவரை படித்திருந்த எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தினேன்.

சாயங்காலம் வகுப்பைக் கவனிக்கப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பிரான்சி எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே படத்தைக் கழற்றினாள். எழுத்தை முதலில் பார்த்தது வேலம்மாள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் ஒரு வரியைப் படித்தது அன்றுதான்.

"பி... ரான்... பிரான்சி. டீச்சர், உங்க பேரு." சந்தோஷத்தில் கை தட்டினாள். பிறகு விரலைக் காற்றில் நகர்த்தி நகர்த்தி மீதியையும் படித்தாள். "பிரான்சி தனியாகப் போகிறாள். நான்... பின்னால்... வருகிறேன்."

படித்து முடித்த பிறகுதான் அவளுக்கே அர்த்தம் புரிந்தது. பிரான்சி திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்த படத்தை மறுபடி அதன்மேலேயே மாட்டினாள்.

"யாரோ வெளையாடுறாங்க" என்றாள். ஆனால் ஸ்கூட்டியை எடுக்கும்போது என்னிடம் வந்து, "கொஞ்ச தூரம் கூட வர்றீங்களா மேடம்?" என்று கேட்டாள். முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

அதன்பிறகு போன். வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்டு, பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பேன். "யாருங்க? யாருங்க பேசுறது?" என்பாள். நாளாக ஆக அந்தக் குரல் மெலிந்தது. வைத்ததும் எனக்குத்தான் போன் செய்வாள். நான் சமாதானம் சொல்வேன். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டாள். பொறுப்பு கைக்கு வரும் நேரத்தில் பேர் கெட்டுப்போகும், வேண்டாம் என்றேன். ஹாஸ்டல் ஜன்னலை அட்டை வைத்து மூடினாள். சோறு இறங்கவில்லை என்றாள். "என் வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு, வந்துடு" என்றேன். வந்தாள்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. நான் சமையலறையில் கரண்டியைத் தவறவிட்டால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். குளிக்கும்போது கதவுக்கு வெளியே என்னை நிற்கச் சொல்வாள். நிற்பேன். சில சமயம் நகத்தால் கதவை லேசாகச் சுரண்டுவேன். அவள் அலறினால், "இங்கதான் இருக்கேன், யாரையும் காணோமே" என்பேன்.

கெடுத்தது வேலம்மாள்தான். வகுப்புப் பெண்கள் கூடிப் பேசி, முறை போட்டுக்கொண்டு பிரான்சிக்குத் துணையாக வரத் தொடங்கினார்கள். "எவன் வர்றான்னு பாத்துருவோம் டீச்சர்" என்று வஹீதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடப்பாள். பிரான்சி மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, "வேலம்மாக்கா வீட்டுப் பக்கத்துல ரூம் பாத்திருக்காங்க மேடம். தேர் அன்னிக்கு மத்தியானம் போயிடுறேன். உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்" என்றாள்.

பாடத்தைப் பாதியில் விட்டால் கற்றதெல்லாம் வீணாகிவிடும்.

சித்திரைத் தேர் அன்று காலை எங்கள் சந்தே காலியாக இருந்தது. நானும் தேர் பார்க்கப் போவதாகச் சொல்லி, வாசல் கதவைச் சத்தமாகச் சாத்தினேன். கொல்லை வழியாகத் திரும்பி வந்தேன். பிரான்சி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் கட்டிலில் கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். காலைக் கனமாக வைத்துப் படியேறினேன். அவள் மாடிக் கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் தாழ் போட்டது கேட்டது. தட்டினேன்.

"யாரு?"

மறுபடி தட்டினேன்.

"மேடம், நீங்களா? நீங்கன்னா சொல்லுங்க மேடம். ப்ளீஸ்."

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோளால் கதவைத் தள்ளினேன். பழைய தாழ்ப்பாள், ஆடியது. வீதியில் மேளமும் கூட்டத்தின் இரைச்சலுமாக இருந்ததால் அவள் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. கதவிடுக்கில் பார்த்தேன். கைப்பிடிச் சுவர்மேல் ஏறி எதிர்வீட்டு மாடிக்குத் தாண்டப் பார்த்தாள். சந்து குறுகல்தான். கால் நடுங்காமல் இருந்தால் தாண்டியிருப்பாள்.

ஆட்கள் ஓடி வந்தபோது கீழே சந்தில் அவள் தலை என் மடியில் இருந்தது. உயிர் போயிருந்தது. எவனோ ஒருவன் இறங்கி ஓடினான் என்று சொன்னேன். நம்பினார்கள். அவள் போனையும், நான் அவளைக் கூப்பிட்ட போனையும் என் அரிசி டின்னிலிருந்து நீங்கள்தான் எடுத்தீர்கள். பலகையில் எழுதியது நான். கூப்பிட்டது நான். அன்று கதவைத் தள்ளியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். அவளுக்கு நான் யாருமில்லை என்று அவளைப் பெற்றவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து கத்திவிட்டுப் போனாளாமே. பிரான்சி விழும்போது "அம்மா" என்றாள். வையம்பட்டியில் இருக்கிறவளுக்கு அது கேட்குமா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது நான். என்னைத்தான் கூப்பிட்டாள்.