எடை பார்க்கிறவன்

பெட்டிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அடுக்குவதற்கு அனுபவமே வேண்டாம் சார். ஒன்றை அளந்து பெருக்கினால் முடிந்தது. எங்கள் முதலாளியம்மா சரோஜாதேவிக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கைத் திருவான்மியூர் கிடங்கில்தான் கட்டுவோம். ஒரே பேலட்டில் கிரைண்டர் பெட்டி, குக்கர் பெட்டி, டம்ளர் பெட்டி எல்லாம் வரும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அவற்றை ஒத்துப்போக வைப்பது என் வேலை.

பேலட் என்றால் அடியில் இருக்கிற மரத்தட்டு. கனமான பெட்டிகளை அதன்மேல் முதலில் வைத்து, சுற்றிச் சுற்றி மேலே வரவேண்டும். பிறகு நீளம், அகலம், உயரம் எடுப்போம். எந்தப் பெட்டி அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதோ, அதுவரைக்கும்தான் அளவு. மற்றவை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கணக்கில் வராது.

நான் அளப்பேன், ஆனந்தகுமார் எடை பார்ப்பான். ரம்ஜானுக்கு என் மனைவி நஸ்ருன்னிசா பிரியாணியை முதலில் அவன் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்புவாள். அப்படி ஒரு பழக்கம் எங்களுக்குள்.

தோஹாவில் கிளை திறக்கும்போது கிடங்குப் பொறுப்புக்கு என்னை அனுப்புவதாக அம்மா சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத் திறப்புவிழாச் சரக்கு விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. ஒரு பெட்டி வயிறு உப்பி வெளியே தள்ளியிருந்ததை அளவில் சேர்க்கவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல். டேப் பிடித்தவன் ஆனந்தகுமார்.

"கவலய வுடு மச்சி. ரெண்டு பேரும் சேந்துதான் அளந்தோம்னு சொல்லிக்கலாம். இன்னா பண்ணிடுவாங்க?" என்றான்.

நம்பினேன். அம்மா முன்னால் போய் நின்றதும் வேறு மாதிரி பேசினான்.

"ஷரீஃப்தாம்மா அளந்தான். நான் எட மட்டுந்தான் பாத்தேன்."

தோஹா வேலை அவனுக்குப் போனது. மறுநாள் பால்கோவா வாங்கி வந்தான். "தப்பா எடுத்துக்காத மச்சி, எனக்கும் குடும்பம் கீது" என்றான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சார், வெளியாள் யாராவது செய்திருந்தால் நான் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். நெஞ்சு இன்னும் எரிகிறது.

தோஹாவுக்குக் கிளம்பும்வரை அவனுக்கு இங்கேதான் வேலை. அதற்குப் பிறகு என் அளவை அவன் நம்பவே இல்லை. உயரம் எடுக்கும்போது மேலே ஏறி, இருப்பதிலேயே உயரமான பெட்டியின்மேல் பலகையை வைத்து அவனே சரிபார்த்தான். என் வேலையை என் தலைக்குமேல் நின்று சரிபார்த்தான்.

பல அளவுப் பெட்டிகளைச் சுற்றி அடுக்கும்போது நடுவில் ஒரு பொந்து விழும். நாங்கள் அதைக் கிணறு என்போம். கழிவு அட்டையை மடித்துத் திணித்து அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டாலும் வெளியே தெரியாது, அளவு எதுவும் மாறாது. தோஹாவுக்குப் போகிற கடைசி பேலட்டில் நான் கிணற்றை அடைக்கவில்லை. கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். அதன்மேல் ஒரு அட்டையைப் போட்டுக் காலிப் பெட்டிகளை நிரவினேன். கிணற்றைத் தாண்டி இருந்த ஒரு பெட்டியை மட்டும் சற்றுத் தூக்கலாக வைத்தேன்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அவனைத் தள்ளவில்லை. "ஒசரம் பாக்கிறியா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?" என்று பலகையோடு ஏறினான்.

காலிப் பெட்டிகள் நசுங்கி, கிணற்றுக்குள் நேராகத்தான் இறங்கினான். கைகள் உடம்போடு சிக்கிக்கொண்டன. முதலில் சிரித்தான்.

"இன்னா மச்சி, கெணறு வுட்டுட்டியா? தூக்கி வுடு."

நான் தவறு செய்துவிட்டேன் என்றுதான் அப்போதும் நினைத்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒதுக்கி வைத்திருந்த குக்கர் பெட்டிகளை எடுத்து மேலே வரிசையாக வைத்தேன். திறந்தபடி அனுப்பினால் அடுக்கு சரிந்துவிடும். பிறகு பிளாஸ்டிக் தாளை வழக்கம்போல இறுகச் சுற்றினேன். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் என் பெயர் கேட்டது. அப்புறம் பக்கத்து பஸ் நிலையத்து ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் லாரி போன பிறகு அவன் மனைவி சரண்யா போன் செய்தாள். "அண்ணே, அவரு போன எடுக்கவே இல்ல. அங்கதான் கீறாரா?"

"கெளம்பிட்டாம்மா" என்றேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை.

ஆமாம் சார், ஆனந்தகுமாரை உள்ளே வைத்துக் கட்டியவன் நான்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே கட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றும் சரியாக இருந்தன. பிரிப்பதற்கு முன்னால் உங்கள் ஆட்களே டேப் பிடித்துப் பார்த்தார்கள். யாராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

விமான நிலையத்தில் எடைமேடையில் ஏற்றியபோதுதான் சீட்டில் இருந்ததைவிட ஓர் ஆள் எடை கூடுதலாகக் காட்டியிருக்கிறது. எடை என் பொறுப்பு இல்லை, எப்போதுமே அவன் பொறுப்புதான். ஆசைப்பட்ட ஊருக்குத்தானே அவனை அனுப்பினேன். அப்படியும் இரண்டாவது தடவையாக என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் சார்.