வாத்து ஸ்வெட்டர்

எட்மண்ட் மகன் பவுல்ராஜ், வயது 44, நீலகிரி மாவட்டம் கட்டபெட்டு அஞ்சல், பழைய ஃபேக்டரி லயம், நான்காம் எண் வீட்டில் குடியிருக்கும் நான், சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உதடு கிழிந்திருப்பதால் மெதுவாகத்தான் சொல்ல முடிகிறது.

நான் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் இருந்தேன். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடிய பிறகு கிடைத்த கூலி வேலைக்குப் போய் வருகிறேன். என் மனைவி பியாட்ரிஸ் எஸ்டேட் பள்ளி ஆசிரியை. ஜெனிஸ் எங்கள் ஒரே மகள், வயது 12.

எஸ்டேட் பிள்ளைகளை மில் வேலைக்கென்று ஏஜெண்டுகள் கூட்டிப்போவதும், சிலர் போன இடமே தெரியாமல் போவதும் அதிகமானதால், சென்ற ஆண்டு அரசு நிதியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடையாள உறை கொடுத்தார்கள். உறைக்குள் பிள்ளையின் போட்டோ, விரல் ரேகை, அங்க அடையாளம் எழுதிய தாள் இருக்கும். பிள்ளை காணாமல் போனால் பெற்றோர் அதைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். போட்டோ எடுக்க வந்த அன்று, சம்பளம் இல்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் கிழிந்த சட்டையோடு நின்றதை என் மனைவியால் பார்க்கப் பொறுக்கவில்லை. ஸ்டுடியோவில் கோட்டு மாட்டிவிடுவதுபோல, ஜெனிஸின் ஸ்வெட்டரைக் கழற்றி ஒவ்வொருத்திக்கும் மாட்டி, பவுடர் பூசி நிற்கவைத்தாள். அவளே பின்னிய சிவப்பு ஸ்வெட்டர் அது, நெஞ்சில் இரண்டு வெள்ளை வாத்துகள் இருக்கும். ஆக, எங்கள் பள்ளிப் பெண்கள் அத்தனை பேரும் அரசாங்கக் கணக்கில் வாத்துப் போட்டவர்கள்தான். போட்டோக்காரருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அதன் பிறகு, இந்த ஆண்டு பள்ளி திறந்த சமயத்தில், எங்கள் லயத்துக் கருப்பம்மாவின் மகள் கோகிலவாணி, ஜெனிஸோடு படிப்பவள், கடைக்குப் போனவள் திரும்பவில்லை. கருப்பம்மா அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்த உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போலீசார் நோட்டீஸ் அடித்துப் பேருந்து நிலையங்களில் ஒட்டினார்கள். கறுப்பு வெள்ளை நோட்டீஸில் முகம் மங்கிப்போய், வாத்துகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

அதன் பிறகு நேற்றுக் காலை, கோவையில் இருக்கும் என் தங்கை தபித்தாள் வீட்டுக்குப் போக ஜெனிஸை அழைத்துக்கொண்டு, இந்தக் காவல் நிலைய எல்லையில் உள்ள பேருந்து நிலையத்தில் இறங்கினேன். மலையிறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். வாந்தி எடுத்துக் களைத்திருந்தவள் கழற்றவில்லை. சுவரில் இருந்த நோட்டீஸையும் ஜெனிஸையும் மாறிமாறிப் பார்த்த ஒருவர், "புள்ளையக் கடத்திட்டுப் போறானுங்க" என்று என் சட்டையைப் பிடித்தார். அதன் பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல இயலாது. ஜெனிஸ் "அப்பா" என்று கதறியதற்கு, "சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார்கள்.

அப்போது தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து வந்து, "அடிக்காதீங்க, அவரு எங்க டீச்சர் ஊட்டுக்காரருங்க" என்றாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஜெனிஸ்தான் "கோகிலா" என்றாள். வாத்தைப் பார்த்துத்தான் ஓடிவந்தேன் என்று சொல்லி, ஜெனிஸின் ஸ்வெட்டர் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

அதன் பிறகு எல்லோரையும் புறக்காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கோகிலவாணியின் பின்னாலேயே விஜயன் என்பவர் வெள்ளைச் சட்டையில் பதற்றமில்லாமல் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். நான் தரையில் இருந்தேன். சுமலதா, வயது பதினெட்டு என்று போட்ட மில் அட்டையைக் காட்டி, "எங்க அக்கா பொண்ணுங்க. நோட்டீசப் பாத்துட்டு என்னமோ உளறுது" என்றார். அவள் தன் பெயர் கோகிலவாணி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கிருந்த ஏட்டய்யா சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தார், ஜெனிஸைக் காட்டி, "காணாமப் போன புள்ள இதுதான். நீங்க உங்க புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புங்க" என்றார். விஜயன் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் என்னைப் பார்த்தாள். அடி வாங்கியபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

உடனே ஜெனிஸின் ஸ்வெட்டரைக் கழற்றிக் கோகிலவாணிக்குப் போட்டு, நோட்டீஸுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "வாத்தப் பாத்தது போதுங்க. மூஞ்சியப் பாருங்க" என்றேன். நோட்டீஸின் கடைசி வரியில், இடது புருவத்தில் தழும்பு என்று முன்பே அச்சாகியிருந்தது. ஏட்டய்யா அதை வாய்விட்டுப் படித்தார். அவள் புருவத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். விஜயன் தண்ணீர் கேட்டார்.

இன்று காலை கருப்பம்மா வந்து மகளோடு சேர்ந்தாள். ஸ்வெட்டரை வழக்குச் சொத்தாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். கோகிலவாணி கழற்ற மாட்டேன் என்கிறாள். ஜெனிஸும் திருப்பிக் கேட்கவில்லை.

விஜயன் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். என்னை அடித்தவர்கள் மீது புகார் இல்லை, ஒரு பிள்ளையைக் காப்பாற்றத்தான் அடித்தார்கள். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன். பேருந்து நிலையத்தில் அந்த நோட்டீஸ் ஒட்டிய அதே சுவரோரம்தான் கோகிலவாணி விஜயனோடு வெகுநேரம் நின்றிருக்கிறாள். அவளை ஒருவரும் யாரென்று கேட்கவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் "ஸ்வெட்டர் அணிந்த சிறுமி" என்றிருந்ததைக் கோகிலவாணி என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இப்போது எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) எ. பவுல்ராஜ்