மாப்பிள்ளையின் ஏழாவது ஓட்டம்

குதிரைக்கு வைக்கும் தண்ணீரை முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். பல் கூசினால் கொடுக்க மாட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் ஐயா இதை முதலில் சொல்கிறேன். உங்கள் டீ ஆறுகிறது, குடியுங்கள். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

பந்தயப் பட்டியலில் நான் பழக்கும் குதிரைக்கு வேறு பெயர். லாயத்தில் எல்லோருக்கும் அது மாப்பிள்ளைதான். புதிதாகக் கல்யாணம் ஆகி வீட்டுக்கு வந்தவர் மாதிரி எதற்கெடுத்தாலும் முகம் கோணும். வைக்கோலில் ஈரம் இருந்தால் தொடாது. ஓட்ஸில் ஒரு தூசி இருந்தால் தொட்டியையே கவிழ்த்துவிடும். ஆனால் ஓட ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் மூச்சு விட மறந்துபோவார்கள்.

ஐந்து மாத சீசன், ஏழு ஓட்டங்கள், கடைசி ஓட்டம் பெரிய கோப்பைக்கு. ஓர் ஓட்டத்துக்கு ஒரு குதிரையைத் தயார் செய்ய யாராலும் முடியும். ஏழாவது ஓட்டம் வரைக்கும் அதே வேகத்தில் வைத்திருப்பதுதான் கஷ்டம். அதிகம் ஓடவிட்டால் தேய்ந்துபோகும், குறைத்தால் மந்தம் தட்டும். முக்கியமாக, மதியம் தூங்க வேண்டும்.

மூன்றாம் ஓட்டத்துக்கு முந்தைய வாரம் பக்கத்து லாயத்து நாய் அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது. நாய்க்காரரிடம் இரண்டு தடவை பணிவாகச் சொன்னேன். "நாய்னா குரைக்கத்தாங்க செய்யும்" என்றார். நியாயமான பேச்சு. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாயை மண்வெட்டியால் அடித்தேன். முதல் அடியில் கை கொஞ்சம் வழுக்கிவிட்டதால் இன்னொன்று தேவைப்பட்டது. அன்று மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கியது. மூன்றாம் ஓட்டத்தில் நான்கு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது.

ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் பேசினாரே குதிரைக்காரர், லாயத்தைக் கவனிக்கிறவர், அவர் என்னிடம் பதினெட்டு வருடமாக இருக்கிறார். நல்ல மனுஷன். நான்காம் ஓட்டம் முடிந்த மறுநாள் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார். மாப்பிள்ளை வெளியே வந்து சிமென்ட் தரையில் சறுக்கியது. அடி ஒன்றும் படவில்லை. "மன்னிச்சிடுங்க, மறந்துட்டேன்" என்றார். வலது கையைக் கதவு நிலையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். கதவைச் சாத்தினேன். மூன்று விரல்கள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். குதிரை மிதித்துவிட்டது என்று சொல்லப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். வாயில்லாத ஜீவன்மேல் பழி போடக் கூடாது. கதவு இடித்தது என்று எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் தாழ்ப்பாளை ஒருநாளும் மறக்கவில்லை.

இனி தம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஜாக்கி அவன்தான். அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. சோறு போட்டதும் நான், குதிரைமேல் தூக்கி உட்காரவைத்ததும் நான். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆறாம் ஓட்டத்திலும் ஜெயித்துக் கொடுத்தான். ஆனால் அன்று காலில் சுற்றிய துணிக்கட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் வலது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, சூடு தெரிந்தது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை ஐஸ் வைத்தேன். ஓடப் பழக்கும் காலைகளில் மட்டும் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டேன்.

கோப்பைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலைப் பயிற்சியிலிருந்து தம்பி ஏறி வரவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான்.

"ஏன்டா இறங்கிட்ட?"

"ஊசி போட்டியாண்ணா?"

"கொஞ்சம்தான்."

"எலும்புல கீறல் விட்டிருக்கு. மேல உக்காந்திருக்கிற எனக்குத் தெரியாதா? வளைவுல கால் மடங்கிடும். அதுவும் போயிடும், நானும் போயிடுவேன்."

"நாலு நாள் பல்லைக் கடிச்சிக்க. கோப்பை முடிஞ்சதும் ஆறு மாசம் ஓய்வு குடுத்துடலாம்."

"நான் ஏற மாட்டேண்ணா. நாளைக்கு சாயந்திரம் பந்தயக் கமிட்டி டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன். உன் பிடிவாதத்துக்கு என் புள்ளைங்க அப்பன் இல்லாம நிக்கணுமா?"

நான் வாக்குவாதம் செய்யவில்லை. குதிரைக்கு முன்னால் சத்தம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் வேறொரு லாயத்துக் குதிரையில் ஏற அவன் எடை காட்ட வேண்டியிருந்தது. அரைக் கிலோ அதிகம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எங்கள் லாயத்தை ஒட்டிய ஆவி அறைக்குள் போனான். ஜாக்கிகள் வியர்த்து எடை குறைக்கும் சின்ன அறை அது. மரச்சுவர், ஒரு கண்ணாடிச் சதுரம் வைத்த கனத்த கதவு. சூட்டைக் கூட்டும் திருகு வெளியே இருக்கும். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவது வழக்கம். நான் கைப்பிடியில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, திருகைக் கடைசிவரை திருப்பினேன்.

"அண்ணா, கதவு சிக்கிக்கிச்சு" என்றான் முதலில். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு கதவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தோளால் மோதினான், உதைத்தான். ஜாக்கிக்குக் காலில்தான் பலம், கீல்கள் ஆடின. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். கையை எடுத்தபோது தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

எனக்குச் சத்தம்தான் கவலையாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை தூங்கும் நேரம். ஓடிப் போய்ப் பார்த்தேன். காதுகளை விறைத்துக்கொண்டு நின்றது. கழுத்தைத் தடவிக்கொடுத்து மெதுவாக ஏதோ முனகிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சத்தம் குறைந்து, நகத்தால் பிறாண்டுவது போல ஆகி, அதுவும் நிற்க ஐம்பது நிமிடம் ஆனது. மாப்பிள்ளை ஒரு தடவைகூட மிரளவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் கம்பியை உருவும்போது குதிரைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றார். கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல் நசுங்கிய கையை இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். ஐஸ் எடுத்து வரச் சொன்னேன்.

பட்டினி கிடந்து எடை குறைக்கிறவர்களுக்கு இதயம் பலவீனம், அசந்து விழுந்து கதவைத் திறக்க முடியாமல் போயிருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கைத்தோலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் மாமா நிக்கிறேன்" என்று அழுதாள். பிள்ளைகள் படிப்பை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அடக்கம் முடிந்ததும் லாயத்துக்கு வந்துவிட்டேன். ஐஸ் மாற்றும் நேரம் தாண்டியிருந்தது.

கோப்பை நாளன்று புது ஜாக்கி ஏறினார். நல்ல பேர் எடுத்தவர். குதிரைக்குச் சோக்கான உடம்பு என்று கழுத்தைத் தட்டிச் சிரித்தார். ஊசி இரண்டு மடங்கு போட்டிருந்தேன், மாப்பிள்ளை குதித்துக்கொண்டுதான் போனது. மூன்றாவது வளைவுவரை முன்னால் வந்தது. அங்கே கால் முறிந்த சத்தம் வேலியோரம் நின்ற எனக்குக் கேட்டது. தலைகுப்புற விழுந்தது. பின்னால் வந்த மூன்று குதிரைகள் புது ஜாக்கியின்மேல் ஏறிப் போயின. மாப்பிள்ளை எழுந்தது. ஒரு கால் தோலில் தொங்க, மற்ற மூன்று காலால் ஓடப் பார்த்தது. அப்படிப்பட்ட குதிரை.

கால் முறிந்த குதிரைக்கு வைத்தியம் கிடையாது, சுற்றிலும் திரை கட்டிச் சுட்டார்கள். தலையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அன்று வாய்விட்டு அழுதேன். பார்த்தவர்கள், பாவம், தம்பிக்காக இப்போதுதான் அழுகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

புது ஜாக்கியும் செத்த பிறகுதான் குதிரைக்காரருக்கு உங்களிடம் வர மனம் வந்திருக்கிறது. அவர் சொன்னது எல்லாம் உண்மை. தம்பியைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் புது ஆள் வளைவில் மொத்த எடையையும் வலது பக்கம் சாய்த்துவிட்டார். தம்பி அப்படிச் சாய்கிறவன் இல்லை, பஞ்சு மாதிரி உட்காருவான். அவன் ஏறியிருந்தால் அந்தக் கால் தாங்கியிருக்கும். சொன்னபடி கேட்டிருக்கலாம். அவனுடைய பிடிவாதம் ஒரு நல்ல குதிரையைக் கொன்றுவிட்டது, ஐயா.